குரல்பதிவில் நிமிடத்திற்கு ஒரு வெட்டு: வைஃபை டிரைவரைச் சந்தேகிக்கலாமா?

வாசிப்புக்குரல் (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். நான் தமிழாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். பார்வையற்ற மாணவர்கள் கேட்டுப் படிப்பதற்காகப் பாடநூல்களை வாசித்துப் பதிவு செய்து கொடுக்கும் பணியைச் சில நண்பர்களோடு சேர்ந்து செய்து வருகிறேன். விண்டோஸ் 10 உள்ள ஒரு மடிக்கணினி, யுஎஸ்பி வழியாக இணையும் ஓர் ஆடியோ இன்டர்ஃபேஸ் (மைக்கின் ஒலியைக் கணினிக்குத் தரும் பெட்டி), ஒரு கண்டன்சர் மைக், ஆடாசிட்டி மென்பொருள் ஆகியவையே என் கருவிகள். 48 கிலோஹெர்ட்சில், அதாவது விநாடிக்கு 48,000 ஒலி அளவீடுகள் (சாம்பிள்) என்ற கணக்கில், பதிவு செய்கிறேன். இன்டர்ஃபேஸின் பஃபர் (வரும் ஒலியைத் தற்காலிகமாகத் தேக்கும் இடம்) 128 சாம்பிள் என்று இருக்கிறது.

சென்ற மாதம் முதல் பதிவில் அவ்வப்போது “டிக்” என்று ஓர் ஒலி கேட்கிறது. வாசிக்கும்போது ஹெட்ஃபோனில் அது கேட்பதில்லை. திரும்பப் போட்டுக் கேட்கும்போதுதான் தெரிகிறது. ஒரு மணி நேரம் வாசித்த பாடம் ஒன்றில் இருபதுக்கு மேற்பட்ட இடங்களில் இப்படி வந்து, முழுவதையும் மீண்டும் வாசிக்க நேர்ந்தது. கேபிளை மாற்றினேன். வேறு யுஎஸ்பி துளையில் செருகினேன். மைக்கில் கோளாறு என்று ஒருவர் சொன்னதைக் கேட்டு அதையும் மாற்றினேன். செலவானதே தவிரப் பயனில்லை. டாஸ்க் மேனேஜரில் ஆடாசிட்டிக்கு மிக உயர்ந்த முன்னுரிமை கொடுத்தும் பார்த்துவிட்டேன்.

வைஃபை காரணமாக இருக்கலாம் என்று எங்கோ படித்ததால், வீட்டு வைஃபையிலிருந்து இணைப்பைத் துண்டித்துவிட்டு ஒரு பத்தி வாசித்தேன். டிக் ஒலி குறையவில்லை. உண்மையைச் சொன்னால் சற்று அதிகமாகவே வந்தது. ஆகவே வைஃபை காரணமில்லை என்று முடிவு செய்திருக்கிறேன். இனி எங்கே தேடுவது என்று தெரிந்தவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

ஒலித்தச்சன்

வணக்கம் அம்மா. நீங்கள் கடைசியாகச் சொன்ன செய்திதான் இதில் மிக முக்கியமான தடயம் என்று எனக்குத் தோன்றுகிறது. அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும்: அந்த டிக், உங்கள் குரலின் மேல் வந்து சேர்ந்த ஒலியா, அல்லது குரலிலிருந்து ஒரு துண்டு காணாமல் போனதால் உண்டான வெட்டா? காதுக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் முதலாவது மின்காந்தக் குறுக்கீடு; அதற்குக் கேபிளும் இடைவெளியும் மருந்து. இரண்டாவது கணினிக்குள் நடக்கும் தாமதம். அதற்குக் கேபிளை எத்தனை முறை மாற்றினாலும் பயன் இராது. பழைய ஜிஎஸ்எம் கைபேசியை ஒலிபெருக்கியின் அருகில் வைத்தால் அழைப்பு வருவதற்கு முன் ஒரு “டிர்ர்” கேட்குமே, அது முதல் வகை. அந்தக் கைபேசி விநாடிக்கு ஏறத்தாழ 217 முறை விட்டுவிட்டு அலைபரப்புவதால் அந்த ஒலி எழுகிறது. குரல் அப்படியே இருக்க, அதன் மேல் அது ஏறிக்கொள்ளும்.

இரண்டையும் பிரித்தறியக் குரலை விட ஒரே சீரான தொனி நல்லது. கைபேசியில் தொனி எழுப்பும் ஆப் ஒன்றை நிறுவி, கைபேசியை விமானப் பயன்முறையில் வைத்து, அதன் ஹெட்ஃபோன் வழியைக் கம்பி மூலம் இன்டர்ஃபேஸின் லைன் உள்ளீட்டில் கொடுத்துப் பத்து நிமிடம் பதிவு செய்யுங்கள். தொனியைக் கணினியிலேயே எழுப்ப வேண்டாம். அப்படிச் செய்தால் வெட்டு விழுந்தது ஒலிக்கும்போதா பதியும்போதா என்று சொல்ல இயலாது.

தொனியை 440 ஹெர்ட்சில் வையுங்கள். வழக்கமாக எல்லோரும் 1000 ஹெர்ட்ஸ்தான் வைப்பார்கள். இந்தச் சோதனைக்கு அது ஏமாற்றிவிடும். 48 கிலோஹெர்ட்சில் 1000 ஹெர்ட்ஸ் அலையின் ஒரு சுற்றுக்குச் சரியாக 48 சாம்பிள். யுஎஸ்பியின் ஃபுல் ஸ்பீடு முறையில் ஒரு மில்லி விநாடிக்கு ஒரு பொட்டலம், அதிலும் 48 சாம்பிள். ஒரு பொட்டலம் முழுவதாகத் தொலைந்தால் அலையில் ஒரு முழுச் சுற்று தொலையும். விட்ட இடமும் தொட்ட இடமும் கச்சிதமாகப் பொருந்திவிடும். வெட்டே கண்ணில் படாது. 440 ஹெர்ட்சில் ஒரு மில்லி விநாடி என்பது அரைச் சுற்றுக்குச் சற்றுக் குறைவு. ஆகவே வெட்டு பளிச்சென்று தெரியும்.

பதிவைப் பெரிதாக்கிப் பார்த்து, வெட்டு விழுந்த நேரங்களை ஒரு தாளில் குறித்து எழுதுங்கள்.

வாசிப்புக்குரல்

சொன்னபடியே செய்தேன் தம்பி. பெரிதாக்கிப் பார்த்தபோது பதறிவிட்டது. கோலத்தின் வளைவுபோல ஒரே சீராக ஏறி இறங்கிக்கொண்டிருந்த கோடு, ஓர் இடத்தில் மேலே ஏறும் பாதி வழியில் நின்று, செங்குத்தாகக் கீழே விழுந்து, அங்கிருந்து ஒன்றுமே நடக்காததுபோல இறங்குமுகமாகத் தொடர்கிறது. மேலே வேறெந்த ஒலியும் ஏறவில்லை. ஆகவே இது வெட்டுதான்.

பத்து நிமிடத்தில் ஒன்பது வெட்டுகள். நோட்டில் குறித்திருக்கும் நேரங்கள்: 0:47, 1:49, 2:49, 3:51, 4:52, 5:52, 6:54, 7:55, 8:56. ஏறத்தாழ நிமிடத்திற்கு ஒன்று. இதில் எனக்கு வியப்பாக இருந்தது, குரல்பதிவில் இவ்வளவு நெருக்கமாக நான் கேட்டதே இல்லை என்பதுதான். ஒரு மணி நேரத்தில் இருபதுக்குச் சற்று மேல்தான் எண்ணியிருந்தேன். இந்தக் கணக்குப்படி அறுபதாவது இருந்திருக்க வேண்டுமே?

ஒலித்தச்சன்

இருந்திருக்கும் அம்மா. வாசிப்பில் சொற்களுக்கிடையே, வாக்கியங்களுக்கிடையே எவ்வளவு நேரம் அமைதி! ‘பாட்டு’, ‘பக்கம்’ என்னும்போது வல்லின மெய் இரட்டிக்கும் இடத்தில் வாய் முழுவதும் அடைபட்டு ஒரு கணம் ஒலியே இருப்பதில்லை. வெட்டு அங்கே விழுந்தால் காதுக்குத் தெரியாது. ‘ஆ’, ‘ஓ’ போன்ற நெடில்களின் நடுவில் விழுந்தால் மட்டுமே டிக் என்று உறுத்தும். நீங்கள் கேட்டவை அவைதான்.

இனி, ஏறத்தாழ ஒரு நிமிடம் என்னும் இடைவெளியைப் பாருங்கள். மைக்கோ கேபிளோ கடிகாரம் பார்த்துக் கோளாறு செய்வதில்லை. கணினிக்குள் ஏதோ ஒன்று குறித்த நேரத்திற்கு ஒருமுறை விழித்தெழுகிறது. டிரைவர்கள் (வன்பொருளை இயக்கும் நிரல்கள்) கணினியைப் பிடித்து வைக்கும் நேரத்தை அளக்கும் லேட்டன்சிமான் என்னும் இலவச மென்பொருளை நிறுவி, வைஃபை இணைந்திருக்கும்போது பத்து நிமிடம் ஓடவிடுங்கள். “டிரைவர்ஸ்” என்ற பக்கத்தில் எந்த டிரைவருக்கு அதிகபட்ச நேரம் காட்டுகிறது என்று சொல்லுங்கள். சராசரியைப் பார்க்க வேண்டாம், அதிகபட்சத்தை மட்டும் பாருங்கள். பழைய டிபிசி லேட்டன்சி செக்கர் என்னும் மென்பொருளை யாராவது பரிந்துரைத்தால் தவிர்த்துவிடுங்கள். விண்டோஸ் 8 முதல் அது நல்ல கணினியிலும் 1000 மைக்ரோ விநாடி என்று பொய்யாகக் காட்டும்.

வாசிப்புக்குரல்

ஓடவிட்டேன். என்டிஐஎஸ் என்று தொடங்கும் பெயர் முதலிடத்தில் இருக்கிறது: அதிகபட்சம் 4.8 மில்லி விநாடி. அடுத்து வருவதெல்லாம் 0.3 மில்லி விநாடிக்குக் கீழே. கீழே சிவப்பு எழுத்தில், இந்தக் கணினி நிகழ்நேர ஒலிக்கு ஏற்றதாகத் தெரியவில்லை என்ற பொருளில் ஒரு நீண்ட வாக்கியமும் இருக்கிறது.

ஸ்டூடியோமாடி

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். இவ்வளவு ஆராய்ச்சி தேவையா என்று கேட்கத் தோன்றுகிறது. அம்மா பதிவு செய்வது தனிக்குரல். பாடகருக்குப் பின்னணி இசையோடு தம் குரலும் தாமதமின்றிக் கேட்க வேண்டிய கட்டாயம் இங்கே இல்லை. இன்டர்ஃபேஸிலிருந்து நேராகவே ஹெட்ஃபோனில் கேட்டுக்கொள்ளலாம். அப்படியிருக்க பஃபரை 128-இல் ஏன் வைக்க வேண்டும்? 1024-க்கு உயர்த்தினால் 21 மில்லி விநாடிக்கு மேல் அவகாசம் கிடைக்கும். 4.8 மில்லி விநாடித் தாமதம் அதில் அடங்கிவிடும். நான் பதினைந்து ஆண்டுகளாக இதைத்தான் செய்து வருகிறேன்.

வாசிப்புக்குரல்

நன்றி ஐயா. உடனே செய்து பார்த்தேன். பத்து நிமிடத்தில் ஒன்பதாக இருந்தது நான்காகக் குறைந்தது, முற்றிலும் போகவில்லை.

நிரலோடை

நான் டிரைவர் நிரல் எழுதும் வேலையில் இருப்பவன். ஸ்டூடியோமாடி அவர்கள் சொன்னது தனிக்குரல் பதிவுக்கு நல்ல அறிவுரைதான். பஃபரை உயர்த்தியே வையுங்கள். ஆயினும் அது ஏன் முழுமையாகத் தீர்க்கவில்லை என்பதைச் சற்று விரிவாக எழுத விரும்புகிறேன், ஏனென்றால் இந்தக் கோளாறால் நல்ல இன்டர்ஃபேஸைக் குறைகூறி விற்றுவிட்டவர்களை எனக்குத் தெரியும்.

குழாயடியில் வரிசையாகக் குடங்களை வைத்துக்கொண்டு ஒருவர் நிற்கிறார் என்று வையுங்கள். குழாயை மூட முடியாது; தண்ணீர் ஒரே வேகத்தில் கொட்டிக்கொண்டே இருக்கும். குடம் நிறைவதற்குள் அதை எடுத்துவிட்டு வெறுங்குடத்தை வைக்க வேண்டும். நிற்பவரை யாரோ கூப்பிட்டு ஐந்து நிமிடம் பேச்சில் பிடித்துக்கொண்டால், அதற்குள் குடம் நிறைந்து வழிந்துவிடும், வழிந்தது வழிந்ததுதான். உங்கள் 128 சாம்பிள் பஃபர் 2.67 மில்லி விநாடியில் நிறையும் குடம். வைஃபை டிரைவர் கூப்பிட்டுப் பேசும் நேரம் 4.8 மில்லி விநாடி.

இப்போது கணினிக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். ஒரு வன்பொருள் தன்னைக் கவனிக்கும்படி செயலியை (சிபியு) அழைக்கும்போது முதலில் மிகச் சிறிய நிரல் ஒன்று ஓடி, அவசர வேலையை மட்டும் முடித்து, மீதியைப் பின்னால் செய்வதற்கு வரிசையில் போட்டுவிடும். அந்த மீதி வேலைக்குத்தான் டிபிசி என்று பெயர். ஒரு டிபிசி ஓடிக்கொண்டிருக்கும் வரை அந்தச் செயலி உள்ளகத்தில் சாதாரண நிரல் எதுவும் ஓட முடியாது. ஆடாசிட்டி மட்டுமன்று, எவ்வளவு உயர்ந்த முன்னுரிமை பெற்ற ஆடியோ நிரலும் காத்திருக்கத்தான் வேண்டும். அம்மா டாஸ்க் மேனேஜரில் முன்னுரிமையை உயர்த்தியும் பயன் இல்லாமல் போனதற்கு இதுவே காரணம். முன்னுரிமை என்பது வரிசையில் நிற்பவர்களுக்குள் யார் முதலில் என்பதைத் தீர்மானிப்பது; டிபிசி அந்த வரிசைக்கே வெளியே இருப்பது. அதே உள்ளகத்தில் ஆடியோ டிரைவரின் சொந்த டிபிசியும் காத்துக்கிடந்தால் நிலைமை இன்னும் மோசம்.

இதனால்தான் ஒரு டிபிசி 100 மைக்ரோ விநாடிக்கு மேல் ஓடக் கூடாது என்று மைக்ரோசாஃப்ட் டிரைவர் எழுதுபவர்களுக்கு வழிகாட்டியிருக்கிறது. 4.8 மில்லி விநாடி என்பது அதைப்போல 48 மடங்கு.

பஃபரை உயர்த்தியும் ஏன் நான்கு வெட்டுகள் மிஞ்சின? நீங்கள் உயர்த்தியது இன்டர்ஃபேஸ் டிரைவருக்கும் ஆடாசிட்டிக்கும் இடையே உள்ள குடத்தை. யுஎஸ்பி கம்பியின் பக்கத்தில் இன்னொரு சிறிய குடம் இருக்கிறது. பல இன்டர்ஃபேஸ்களில் அது பயனர் அமைப்பில் காட்டப்படுவதே இல்லை. சிலவற்றில் “சேஃப் மோட்” போன்ற பெயரில் தனியாக இருக்கும். யுஎஸ்பியில் ஒலிக்குப் பயன்படும் ஐசோகிரானஸ் முறையில் மறுமுறை அனுப்புதல் என்பது கிடையாது. அச்சுப்பொறிக்குப் போகும் தகவல் தவறினால் மீண்டும் அனுப்பப்படும். ஒலிப் பொட்டலம் வந்தபோது வாங்கி வைக்க இடம் தயாராக இல்லையென்றால் அது தொலைந்தது தொலைந்ததுதான். அந்த இடத்தைத் தயார் செய்து கொடுப்பவரும் அதே டிபிசி வரிசையில்தான் நிற்கிறார்.

என்டிஐஎஸ் என்ற பெயரைப் பார்த்து விண்டோஸின் மேல் பழி போட வேண்டாம். அது வலைப்பின்னல் டிரைவர்கள் எல்லாவற்றுக்கும் பொதுவான கூரை. கூரைக்குக் கீழே குடியிருப்பவர் வைஃபை டிரைவரா, கம்பிவழி ஈதர்நெட் டிரைவரா என்று லேட்டன்சிமான் பல சமயம் பிரித்துக் காட்டாது. மைக்ரோசாஃப்டின் விண்டோஸ் பெர்ஃபார்மன்ஸ் அனலைசரில் பார்த்தால் தெரிந்துவிடும். ஆனால் அதைவிட எளிய வழி ஒன்று இருக்கிறது.

தொனியைப் பதிவு செய்துகொண்டே, திரையின் மூலையிலுள்ள வைஃபை சின்னத்தைச் சொடுக்கி வலைப்பின்னல்களின் பட்டியலைத் திறவுங்கள். திறக்கும்போது விண்டோஸ் சுற்றுப்புறத்தில் என்னென்ன வைஃபை இருக்கிறது என்று தேடும்படி டிரைவருக்குக் கட்டளையிடும். நீங்கள் திறந்த கணத்திலேயே வெட்டு விழுந்தால் விசாரணை முடிந்தது.

வாசிப்புக்குரல்

விழுகிறது! ஐந்து முறை, அரை நிமிட இடைவெளி விட்டுத் திறந்து பார்த்தேன். ஐந்து முறையும் அடுத்த விநாடிக்குள் வெட்டு விழுந்திருக்கிறது. ஒரு மாதமாக எங்கிருந்து வருகிறது என்றே தெரியாதிருந்த ஒன்றை நானே அழைத்து வரவழைக்க முடிந்ததில் எனக்கு எவ்வளவு ஆறுதல் என்று சொல்ல முடியவில்லை.

ஆனால் ஒரு கேள்வி. இணைப்பைத் துண்டித்தபோது ஏன் அதிகமானது?

ஒலித்தச்சன்

அதைத்தான் தடயம் என்று முதலில் சொன்னேன் அம்மா. இணைப்பைத் துண்டிப்பது வேறு, வைஃபையை அணைப்பது வேறு. இணைந்திருக்கும் வைஃபை, கிடைத்த இடத்தில் ஓரளவு அமைதியாக இருக்கும். துண்டிக்கப்பட்ட வைஃபையோ, சேர்வதற்கு வேறு இடம் உண்டா என்று ஓயாமல் தேடிக்கொண்டே இருக்கும். உங்கள் கோளாறு தேடும்போது வருவது; ஆகவே துண்டித்தால் கூடத்தான் செய்யும். இந்த ஒரு சோதனையைத் தவறாகப் புரிந்துகொண்டு வைஃபையைக் குற்றமற்றது என்று விடுவித்தவர்கள் ஏராளம்.

இணைந்திருக்கும்போதும் நிமிடத்திற்கு ஒருமுறை ஏன் தேடுகிறது என்றால், நீங்கள் பதிவு செய்யும் அறைக்குச் சிக்னல் குறைவாக வருகிறது என்று ஊகிக்கிறேன். சிக்னல் மெலிந்தால் டிரைவர் இதைவிட நல்லது அருகில் உண்டா என்று அடிக்கடி பார்க்கும்.

நிரலோடை

ஒன்றைச் சேர்த்துக்கொள்கிறேன். தேடுவது குற்றமன்று. ஒரு சேனலில் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்து அடுத்த சேனலுக்குப் போகும் வேலையை வைஃபை அட்டையின் உள்ளேயே இருக்கும் சிப் செய்கிறது. கணினியின் செயலிக்கு அதில் வேலையே இல்லை. பெரும்பாலான ரவுட்டர்கள் 102.4 மில்லி விநாடிக்கு ஒருமுறை தம் இருப்பை அறிவிக்கின்றன. ஒவ்வொரு சேனலிலும் அதற்காகக் காத்திருப்பது சிப்தான். நல்ல டிரைவர் “முடித்ததும் சொல்” என்று சிப்பிடம் சொல்லிவிட்டு விலகிக்கொள்ளும். மோசமாக எழுதப்பட்ட டிரைவர், சிப் பதில் சொல்லும் வரை செயலியைப் பிடித்து வைத்துக்கொண்டு “ஆயிற்றா, ஆயிற்றா” என்று கேட்டுக்கொண்டே நிற்கும். அந்த நிற்றல்தான் 4.8 மில்லி விநாடி. எனவே ஒரே வைஃபை அட்டைக்கு ஒரு டிரைவர் பதிப்பில் கோளாறும் இன்னொரு பதிப்பில் நிம்மதியும் இருப்பது முற்றிலும் இயல்பு. சென்ற மாதம் தொடங்கியது என்றீர்களே, அப்போது விண்டோஸ் அப்டேட் ஏதேனும் வந்ததா?

லினக்ஸ்வாசி

இதே துன்பத்தை லினக்ஸில் பட்டவன் என்ற முறையில் சில வரிகள். அங்கே ஜாக் அல்லது பைப்வயர் என்னும் ஒலி மென்பொருள் இத்தகைய வெட்டுகளை “எக்ஸ்ரன்” என்று எண்ணிக் காட்டும். விண்டோஸில் சத்தமில்லாமல் தொலைவது அங்கே கணக்கோடு தொலையும், அவ்வளவே வேறுபாடு. ஆர்எஃப்கில் கட்டளையால் வைஃபையை முடக்கினால் எக்ஸ்ரன் நின்றதா என்று பார்ப்பதே என் முதல் சோதனை. அடுத்து, கெர்னல் (இயங்குதளத்தின் கரு) தொடங்கும்போது த்ரெட்ஐஆர்க்யூஸ் என்ற விருப்பத்தைக் கொடுத்தால், டிரைவர்களின் இடையீட்டு வேலைகள் பெரும்பாலும் தனித்தனி இழைகளாக ஓடும். ஆடியோவின் இழைக்கு வைஃபையின் இழையைவிட உயர்ந்த முன்னுரிமை கொடுக்க முடியும். நிரலோடை சொன்ன “வரிசைக்கு வெளியே” என்னும் சலுகையே அங்கே பறிக்கப்படுகிறது. இதை முழுமையாகச் செய்யும் நிகழ்நேர வசதி பல ஆண்டுகள் தனி ஒட்டாக (பேட்ச்) இருந்து, 2024-இல் வெளியான 6.12 பதிப்பில்தான் முதன்மைக் கெர்னலில் சேர்ந்தது. அம்மா இயங்குதளத்தையே மாற்ற வேண்டும் என்று நான் சொல்லவில்லை. விண்டோஸில் பயனருக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லாததால் டிரைவரை மாற்றுவதே வழியாகிறது என்பதற்காகச் சொன்னேன்.

இன்னொன்று: யுஎஸ்பி வைஃபை டாங்கிள் வாங்கிச் செருகலாம் என்று யாரேனும் சொன்னால் அதை யுஎஸ்பி 3 ஹார்டு டிஸ்கின் அருகில் செருக வேண்டாம். யுஎஸ்பி 3-இன் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையைக் கெடுக்கும் என்று இன்டெல் நிறுவனமே 2012-இல் ஆய்வறிக்கை வெளியிட்டிருக்கிறது. சிக்னல் கெட்டால் தேடல் கூடும். தேடல் கூடினால் என்ன ஆகும் என்று மேலேயே பேசியாயிற்று.

ஒலித்தச்சன்

அம்மா, இனிச் செய்ய வேண்டியவற்றை ஒவ்வொன்றாக மட்டும் செய்யுங்கள். இரண்டை ஒரே நேரத்தில் மாற்றினால் எது பயன் தந்தது என்று தெரியாமல் போகும். ஒவ்வொரு மாற்றத்திற்குப் பின்னும் அதே பத்து நிமிடத் தொனி, அதே லேட்டன்சிமான். முதலில் விமானப் பயன்முறை. இது தீர்வன்று, அளவுகோல். வைஃபை இல்லாதபோது உங்கள் கணினி எவ்வளவு நன்றாக இருக்க முடியும் என்பதை இது காட்டும். பிறகு டிவைஸ் மேனேஜரில் வைஃபை அட்டையின் பண்புகளுக்குள், மின்சாரத்தைச் சேமிக்க இதை அணைக்கலாம் என்ற குறியை நீக்குங்கள். பிறகு “அட்வான்ஸ்டு” பக்கத்தில் ரோமிங் அக்ரசிவ்னஸ் (இதைவிட நல்ல வைஃபையைத் தேடும் முனைப்பு) என்பதை மிகக் குறைந்த நிலைக்குக் கொண்டுவாருங்கள். கடைசியாக டிரைவர் பதிப்பு: மடிக்கணினி தயாரித்தவரின் தளத்தில் உங்கள் மாடலுக்கான பழைய பதிப்பு கிடைக்கும், அல்லது டிவைஸ் மேனேஜரில் முந்தைய பதிப்புக்குத் திருப்பும் “ரோல் பேக்” பொத்தான் உயிரோடு இருந்தால் அதையே அழுத்தலாம்.

வாசிப்புக்குரல்

நான்கு நாள்களாக நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்து செய்து முடித்தேன். கேள்விக்கு விடை முதலில்: ஆம், சென்ற மாதத் தொடக்கத்தில் விண்டோஸ் அப்டேட் வைஃபை டிரைவரைப் புதுப்பித்திருக்கிறது. டிரைவர் பக்கத்தில் உள்ள பதிப்பு எண்ணும், அப்டேட் வரலாற்றில் பார்த்த எண்ணும் ஒன்றே.

விமானப் பயன்முறையில் அதிகபட்சம் 0.3 மில்லி விநாடி; வெட்டு ஒன்றுகூட இல்லை. நம்பிக்கை வராமல் நாற்பது நிமிடம் ஓடவிட்டேன், அப்போதும் இல்லை. மின்சேமிப்புக் குறியை நீக்கியதில் எந்த மாற்றமும் இல்லை: அதே ஒன்பது வெட்டு, அதே 4.8.

ரோமிங்கைக் குறைத்தபோதுதான் எனக்கு ஒன்று புரிந்தது. வெட்டுகள் ஒன்பதிலிருந்து இரண்டாகக் குறைந்தன. ஆனால் லேட்டன்சிமான் காட்டிய அதிகபட்சம் 4.7, ஏறத்தாழ மாறவே இல்லை. அந்த அமைப்பு, டிரைவர் எத்தனை முறை குறுக்கே வருகிறது என்பதைக் குறைத்தது. வந்தால் எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதை மாற்றவில்லை. ஒரு மாணவன் வகுப்புக்குத் தாமதமாக வரும் நாள்கள் குறைந்தாலும், வரும் நாளில் அதே அரை மணி தாமதம் என்பதுபோல.

தயாரிப்பாளர் தளத்தில் கிடைத்த, ஓராண்டு பழைய டிரைவரை நிறுவிய பிறகு அதிகபட்சம் 0.6 மில்லி விநாடி. பஃபரை வேண்டுமென்றே மீண்டும் 128-க்குக் குறைத்து நாற்பது நிமிடம் பதிவு செய்தேன். வெட்டு இல்லை. வைஃபை பட்டியலைப் பத்து முறை திறந்து மூடினேன். இல்லை. பிறகு பஃபரை ஸ்டூடியோமாடி ஐயா சொன்ன 1024-இலேயே வைத்துவிட்டேன்.

வைஃபையை அணைத்துவிட்டு வாசிக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். நான் வாசிக்கும்போது தோழி ஒருவர் இணைய அழைப்பில் நூலைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டு, பிழை வந்த இடத்தில் உடனே நிறுத்துவார். கணக்குப் பாடத்தில் ஒரு குறி தவறினால், பார்த்துச் சரிசெய்துகொள்ள முடியாத பிள்ளை அந்தத் தவற்றையே மனப்பாடம் செய்துவிடும். ஆகவே இணையம் எனக்கு வேண்டும்.

ஸ்டூடியோமாடி

அம்மாவின் நோட்டைப் பார்த்த பிறகு என் கருத்தைத் திருத்திக்கொள்கிறேன். பஃபரை உயர்த்துவது மட்டுமே போதும் என்று பதினைந்து ஆண்டுகளாக நான் நம்பியதற்குக் காரணம், என் பதிவுக் கணினியில் வைஃபையே இல்லை என்பதுதான் என்று இப்போது தெரிகிறது. இணையம் தேவையென்றால் ரவுட்டரிலிருந்து ஈதர்நெட் கம்பி இழுத்துவிட்டு வைஃபையை டிவைஸ் மேனேஜரிலேயே முடக்கிவிடுவது நிரந்தரமான வழி. உங்கள் மடிக்கணினியில் ஈதர்நெட் துளை இல்லையென்றால் யுஎஸ்பி அடாப்டர் கிடைக்கும். அதன் டிரைவரையும் அதே பத்து நிமிடச் சோதனைக்கு உட்படுத்திய பிறகே நம்புங்கள்.

நிரலோடை

அம்மா, ஓர் எச்சரிக்கை. விண்டோஸ் அப்டேட் நீங்கள் நிறுவிய பழைய டிரைவரைப் “பழையது” என்று கண்டு மீண்டும் புதியதைப் போட்டுவிடக் கூடும். விண்டோஸ் புரோ பதிப்பாக இருந்தால், அப்டேட்டோடு டிரைவர்களைச் சேர்க்க வேண்டாம் என்று குரூப் பாலிசியில் ஓர் அமைப்பு இருக்கிறது. ஹோம் பதிப்பில் அந்தக் கருவி இல்லை. அப்டேட்டுகளை மறைப்பதற்காக மைக்ரோசாஃப்ட் தந்த சிறிய கருவியில் அந்த வைஃபை அப்டேட்டை மட்டும் மறைத்துவிடலாம். பாதுகாப்பு அப்டேட்டுகளை நிறுத்த வேண்டாம். வைஃபை டிரைவரிலும் பாதுகாப்புக் குறைகள் திருத்தப்படுவதுண்டு என்பதால் இதை என்றென்றைக்குமான ஏற்பாடாகக் கொள்ளாமல், ஆறு மாதத்திற்கு ஒருமுறை புதிய பதிப்பை நிறுவி அதே சோதனையைச் செய்து பாருங்கள். கோளாறு திருத்தப்பட்டிருந்தால் புதியதிலேயே தங்கிவிடலாம்.

வாசிப்புக்குரல்

உங்கள் வாக்கு பலித்துவிட்டது தம்பி. ஐந்தாம் நாள் காலை கணினியைத் திறந்தபோது புதிய டிரைவர் வந்து உட்கார்ந்திருந்தது. வாசிக்கத் தொடங்குவதற்கு முன் பத்து நிமிடத் தொனி ஓட்டும் பழக்கம் வந்துவிட்டதால் தப்பித்தேன். என்னுடையது ஹோம் பதிப்பு. பழைய டிரைவரைத் திரும்ப நிறுவி, அப்டேட்டை மறைத்து, டிரைவர் கோப்பை ஒரு பென் டிரைவிலும் எடுத்து வைத்திருக்கிறேன். ஈதர்நெட் கம்பிக்கும் சொல்லியிருக்கிறேன்.

கடைசியாக ஒன்று கேட்க வேண்டும். சென்ற மாதம் பதிவு செய்த ஏழு பாடங்கள் வெட்டுகளோடு கிடக்கின்றன. எல்லாவற்றையும் மறுபடி வாசிக்கத்தான் வேண்டுமா?

ஒலித்தச்சன்

வேண்டியதில்லை அம்மா. அமைதியில் விழுந்தவற்றை அப்படியே விட்டுவிடுங்கள். கேட்கும் பிள்ளைக்கு அவற்றால் ஒன்றும் குறையாது. நெடிலின் நடுவில் விழுந்தவற்றைப் பெரும்பாலும் சரிசெய்துவிடலாம். வெட்டின் இரு பக்கமும் பெரிதாக்கிப் பாருங்கள். ‘ஆ’ ஒலியில் ஒரே வடிவம் திரும்பத் திரும்ப வரும். வெட்டுக்கு முன் ஒரு சுற்று, பின் ஒரு சுற்று சேர்த்துத் தேர்ந்தெடுத்து நீக்கி, இரு முனைகளும் நடுக்கோட்டைத் தொடும் இடத்தில் பொருத்தினால் டிக் மறைந்துவிடும். சில மில்லி விநாடி குறைவதைக் காது அறியாது. ‘ட’, ‘ற’, ‘க’ வெடிக்கும் கணத்தில் வெட்டு விழுந்திருந்தால் மட்டும் அந்த எழுத்தின் அடையாளமே கெட்டிருக்கும். எந்த ஒட்டும் அதை மீட்காது. அந்த வாக்கியத்தை மறுபடி வாசிப்பதே நேர்மை.

வாசிப்புக்குரல்

ஏழு பாடங்களையும் தோழியோடு உட்கார்ந்து கேட்டு முடித்தோம். ஒட்டிச் சரிசெய்தவை நூற்றுப்பதினாறு. மீண்டும் வாசிக்க வேண்டியவை ஒன்பது வாக்கியங்கள். அவற்றில் ஒன்று ‘கற்க’ என்று தொடங்கும் குறள், வெட்டு சரியாக அந்தச் சொல்லிலேயே விழுந்து ‘கக’ என்று கேட்கிறது. இன்றிரவு தெரு அடங்கியதும் முதலில் அதைத்தான் வாசிக்கப் போகிறேன்.